ஒரே ஆளுக்கு இரண்டு இதயம்

மாடிப்படி முழுக்கக் கூட்டம். கீழே மருந்துக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே பாதச் செம்மலின் நிலையத்தில் மூச்சு விட இடமில்லை. பாதச் செம்மல் என்பது யார் கொடுத்த பட்டம் என்று கேட்காதீர்கள். பலகை எழுதுகிறவரிடம் இவர் சொன்னார், அவர் எழுதினார், தீர்ந்தது விஷயம்.

உள்ளங்காலில் உடம்பு மொத்தமும் அடக்கமாம். அங்கே ஓர் அமுக்கு அமுக்கினால் இதயத்தின் அடைப்பு வெண்ணெயாக உருகுமாம். படியில் நின்ற ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் எல்லோரையும் பிடித்துப் பிடித்துச் சொன்னார்: "முன்னெல்லாம் படி ஏறினா எனக்கு மூச்சு வாங்கும் சார். இப்போ பாருங்க!" ஏறிக் காட்டினார். மூச்சு வாங்கியது. "கூட்டத்துல காத்து இல்ல" என்றார்.

உள்ளே சுவரில் எந்த உறுப்பு பாதத்தில் எங்கே என்று காட்டும் படம். நடுவில் ஒரு திரை. அதன் அடியில் வரிசையாக ஓட்டைகள். இந்தப் பக்கம் நோயாளி உட்கார்ந்து ஓட்டைக்குள் காலை நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் செம்மல் சக்கர முக்காலியில் உருண்டு வந்து அமுக்குவார். "முகம் பொய் சொல்லும், பாதம் சொல்லாது. அதனால நான் முகத்தையே பார்க்கிறதில்ல." எவ்வளவு பெரிய மனசு! வாசலில் இருக்கும் அவருடைய மைத்துனர் மட்டும் என்ன தொந்தரவு என்று விசாரித்து, காலுக்கடியில் விரிக்க ஒரு துண்டு கொடுப்பார். இதயத்துக்குச் சிவப்பு, வயிற்றுக்கு மஞ்சள், மூட்டுக்கு நீலம். நிறத்துக்கும் சக்தி உண்டாம். சிவப்புத் துண்டை விரித்ததும் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "உங்களுக்கு இதயத்துல கோளாறு!" ஐயையோ, எப்படித்தான் கண்டுபிடித்தாரோ என்று கூட்டம் வாயைப் பிளக்கும்.

வாசல் பலகையில் "மருந்துகளோடு சேர்த்துச் செய்யும் துணை வைத்தியம்" என்று பணிவாக எழுதியிருந்தது. யாராவது அதிகாரி வந்தால் காட்டுவதற்கு. திரைக்குப் பின்னால் பேச்சு வேறு: "மாத்திரை ஓடுற உடம்புல என் அமுக்கு ஏறாது. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

பூட்டுக்கடைக்காரர் முடிவு பண்ணிவிட்டார். நெஞ்சுவலி வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர். கடைக்கு ஒரு பூட்டு வாங்கினால் பூட்டிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், சுத்தியலால் தட்டியும் பார்ப்பார். தன் இதயத்தை மட்டும் தட்டிப் பார்க்காமல் செம்மலிடம் ஒப்படைத்துவிட்டார்.

அவருடைய மனைவி பேருந்து நடத்துநர். தலையணை உறையை மாற்றும்போது உள்ளேயிருந்து பிரிக்காத மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"என்னங்க இது?"

"அது... செம்மல் ஐயா வேண்டாம்னுட்டாருடி. இப்போ நெஞ்சு லேசா இருக்கு."

"லேசா இருக்கா? ஆஸ்பத்திரி வராண்டால நான் நின்ன நிப்பு எனக்குத்தான் தெரியும். மறுபடியும் உங்களை ஸ்ட்ரெச்சர்ல பார்க்க எனக்குத் தெம்பு இல்லீங்க." குடிகாரர்களை அதட்டிப் பேருந்திலிருந்து இறக்கிவிடுகிற அந்தக் குரல் உடைந்துபோனது. அழுதாள்.

அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "பாதத்தைத் தொட்டாலே அவருக்குத் தெரிஞ்சிடும்டி. உனக்கு நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, சோதிச்சுப் பார்த்துடுவோம். அவர் சரியாச் சொல்லிட்டா நான் இனிமே இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். தப்பாச் சொன்னா, நீங்க அங்கேயே மாத்திரையைப் போடணும்."

அவள் வாய் திறக்க மாட்டாள் என்ற ஆசையிலேயே மனிதர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் வாசலில் அவர் இதயம் என்று சொல்லிச் சிவப்புத் துண்டு வாங்கினார். அவள் வயிறு என்று சொல்லி மஞ்சள் துண்டு வாங்கினாள். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். வலது காலை ஓர் ஓட்டையில் விட்டு, அடியில் சிவப்பு. இடது காலைப் பக்கத்து ஓட்டையில் விட்டு, அடியில் மஞ்சள். கூட்டம் எட்டிப் பார்த்தது. உஷ் என்று உதட்டில் விரல் வைத்தாள்.

சக்கரம் உருண்டு வந்தது. சிவப்பில் நின்றது.

"அடடா, ரொம்ப மோசம்! இதயத்துல பெரிய அடைப்பு. அமுக்காம விட்டா உயிருக்கு நான் பொறுப்பில்ல."

மஞ்சளுக்கு உருண்டது.

"குடல் கெட்டுப்போச்சு. வாய்வு ஜாஸ்தி."

"ஐயா, இதயம் எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"இதயமா? இரும்பும்மா! நூறு வயசுக்கு நான் கேரண்டி. பக்கத்துல ஒருத்தர் இருக்காரே, பாவம், அவரோடதைப் பார்த்தா உங்களோடது தங்கம்!"

முடி அடர்ந்த அந்தக் காலைத் தடவிக்கொண்டேதான் 'இரும்பும்மா' என்றார் புண்ணியவான்.

சரக்கென்று திரையை இழுத்தாள். இந்தப் பக்கம் இருந்தது ஒரே ஓர் ஆள். செம்மல் வலது காலைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார், கடைசியில் வழக்கத்துக்கு மாறாக முகத்தையும் பார்த்தார்.

"அப்போ இவருக்கு ரெண்டு இதயமா?" என்றார் வங்கி மேலாளர்.

"இடது பாதம் வேற, வலது பாதம் வேற. இதயம் ஒரு பக்கம்தான் பேசும்!" என்று சமாளித்தார் செம்மல்.

"எந்தப் பக்கம்?" நடத்துநர் குரல் படிவரை கேட்டது. "உங்க சுவர்ப் படத்துல இதயத்தை இடது கால்லதானே போட்டிருக்கு? அந்த இடது காலைத்தானே இரும்புன்னீங்க! வலது கால்ல அடைப்பு எங்கேருந்துய்யா வந்துச்சு? துண்டுலேருந்தா?"

செம்மல் முக்காலியோடு பின்னால் உருண்டார். ஒவ்வொருவரும் தங்கள் கையிலிருந்த துண்டைக் குனிந்து பார்த்தார்கள். மைத்துனர் நைசாகப் படியிறங்கிவிட்டார்.

"என்னைப் போய் அம்மான்னு கூப்பிட்டுட்டானேடி!" பூட்டுக்கடைக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை. தண்ணீர் வாங்கி அங்கேயே மாத்திரையை விழுங்கினார். அவள் அவருடைய நெஞ்சில் கை வைத்தாள். "உங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதாங்க. எனக்கும் இது ஒண்ணுதான்." டாக்டரைப் பார்க்க அப்போதே அழைத்துப் போனாள்.

கூட்டம் திருந்திவிட்டதா? திரையைத் திரும்ப எப்போது மாட்டுவீர்கள் என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

காலை அமுக்கினால் சுகமாக இருக்கும். யார் இல்லை என்றது? நன்றாக அமுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் சுகம் வேறு, சிகிச்சை வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தலை வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும்போது அதையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறீர்களே, ஐயா!