பேய் மாதத்தை மார்ச் வரை நீட்டிக்க வேண்டி

திருத்தணி
28 அக்டோபர்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஷோபனா அவர்களுக்கு,

திருத்தணியிலிருந்து இளம்பரிதி எழுதுகிறேன். தாங்களும் அலுவலகத்தில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள். இங்கே நானும் அம்மாவும் நைனாவும் தங்கை துர்காவும் நலம். அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஹாலோவீனை முன்னிட்டு அக்டோபர் முழுவதும் தினம் ஒரு பேய்ப் படம் பார்த்து, தங்கள் இணைய இதழுக்கு விமர்சனம் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்ததற்கு முதலில் நன்றி. இருபத்தேழு படம் முடிந்தது, நான்கு பாக்கி. ஹாலோவீன் என்றால் என்னவென்று நைனா கேட்டார். வெளிநாட்டில் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிற நாள் என்றேன். கேட்டால் கொடுப்பார்களா என்றார். கொடுப்பார்கள் என்றேன். எந்த ஊர் ஆள் என்று கேட்க மாட்டார்களா என்றார். முகமூடி போட்டிருப்பதால் கேட்க மாட்டார்கள் என்றேன். நல்ல பண்டிகைதான் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

நேற்று வந்த தங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லவும், ஒரு வேண்டுகோள் வைக்கவும்தான் இந்தக் கடிதம். என் விமர்சனங்களில் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முருகனே கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த ஊர் இது, மற்ற கோயில்களில் நடக்கிற சூரசம்ஹாரம்கூட இங்கே கிடையாது, அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு எனக்கு மட்டும் ஏன் தணியவில்லை என்று நானும் யோசித்தேன். நான்காம் நாள் படத்துக்கு ஐந்துக்கு ஒன்றரைதான் கொடுத்தேன் என்று குறைப்பட்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஒரு நாய் ஆக நாலு உயிர் ஏழு அறை பங்களாவுக்குக் குடிவருகிறது. வீட்டைக் காட்டுகிற அம்மாள் ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுக்கிறாள். பேய் சுவரில் ஏறி நடந்ததை நான் ஏற்றுக்கொண்டேன், அந்தச் சாவியைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பதினோராம் நாள் படத்தில் பேய் எண்பது நிமிடம் பாத்திரத்தை உருட்டி, கண்ணாடியில் ரத்தத்தால் எழுதி, கடைசியில் 'என் வீட்டை விட்டுப் போ' என்று சொல்கிறது. எங்கள் வீட்டு ஓனர் இதையே டீ குடித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை வெட்டிவிட்டு, சொந்த விஷயம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அது எதற்கு என்றுதான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் குடியிருப்பது ஜெகநாதன் என்பவருடைய மாடியில். அவர் கீழே இருக்கிறார். நைனா கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், அம்மா எல்லம்மாள் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை பிரிக்கப் போகிறார், துர்கா பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம், மார்ச்சில் பரீட்சை. மூன்று வருடமாக ஜெகநாதன் எங்களைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகத்தான் பேசினார். இந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருவாலங்காடு பக்கத்திலிருந்து எங்கள் துரைக்கண்ணு மாமா, அம்மாவுடைய அண்ணன், குடும்பத்தோடு காவடி எடுத்து வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டிருந்தவருக்கு ஜெகநாதனே சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்பது போல, "ஊரா, காலனியா?" என்றார். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "காலனிதாங்க. எங்க காலனிலேயே நான்தான் மொத காவடி" என்றார். ஜெகநாதன் தலையை ஆட்டினார். அந்தச் சொம்பு ஒரு வாரம் வெளிக் குழாயடியிலேயே கிடந்தது. பதினைந்து நாள் கழித்து நைனாவைக் கூப்பிட்டு, பெங்களூரில் இருக்கிற மகன் இங்கேயே வந்துவிடப் போகிறான், அக்டோபர் கடைசிக்குள் காலி செய்து கொடுங்கள் என்றார். மகன் வருவதற்கு முன் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை வந்துவிட்டது. அதை எங்கள் படிக்கட்டுக் கைப்பிடியிலேயே கட்டினார், துணி காயப்போடும்போது அம்மா தினம் அதை ஒதுக்கிவிட்டுத்தான் போடுகிறார்.

செப்டம்பர் முழுவதும் வீடு தேடினோம். பதினோரு வீடு. ஒருவர் பூர்வீகம் கேட்டார், ஒருவர் தாத்தா பெயர் கேட்டார், ஒரு அம்மாள் கறி சமைப்பீர்களா என்று கேட்டு, இல்லை என்று நைனா பொய் சொன்ன பிறகும் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஓர் இடத்தில் எல்லாம் கேட்டு முடித்து, எங்களுக்குக் காபியும் கொடுத்துவிட்டு, வீடு நேற்றே முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்கள். இந்த நிலைமையில்தான் தங்கள் முப்பத்தொரு படப் பட்டியல் வந்தது. பகலில் நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன், அதனால் படம் பார்ப்பது சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை. லேப்டாப்பில் ஸ்பீக்கர் போய்விட்டது, இயர்போனைத் துர்கா வகுப்பு கேட்க வைத்துக்கொண்டாள், ஆகவே கனகம்மாசத்திரத்தில் மைக்செட் கடை வைத்திருக்கும் ராஜீவ் பாவாவிடம், அதாவது என் அக்கா வீட்டுக்காரரிடம், சின்னதாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். அவரிடம் இருந்ததிலேயே சின்னது, கோயில் திருவிழாவில் கூத்து மேடைக்கு வைக்கிற பெட்டி. அதன் குமிழை எவ்வளவு குறைத்தாலும் மார்க்கெட் முனை வரை கேட்கும் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாம் தேதி காந்தி ஜெயந்தி விடுமுறை, மகாளய அமாவாசையும் அன்றே. அந்த லீவில்தான் முதல் ஆள் வீடு பார்க்க வந்தார், வங்கியில் வேலை செய்கிறவர், மனைவியோடு. ஜெகநாதன் அவர்களைக் கூட்டிக்கொண்டு படி ஏறுகிறார், உள்ளே நான் அன்றைய படத்தில் ஒரு பெண்ணைக் கிணற்றுக்குள் தள்ளும் இடத்தில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. பெட்டி போட்ட அலறலில் அந்த அம்மாள் நாலு படி பின்னால் இறங்கிவிட்டார். ஜெகநாதன் கதவைத் தட்டி, லேப்டாப்பைக் காட்டி, "சினிமாங்க, பையன் எழுதறவன், சினிமா பாத்துகினு இருக்கான்" என்றார். வங்கிக்காரர் நல்ல மனிதர், நம்பினார். ஆனால் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருக்கறவங்க ஏன் காலி பண்றாங்க?"

ஜெகநாதன் வாயைத் திறந்தார், மூடினார். மகன் வருகிறான் என்று சொல்ல முடியாது, மகன் வந்தால் வங்கிக்காரருக்கு வீடு எப்படிக் கிடைக்கும். நாங்கள் வாடகை சரியாகக் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, நைனா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொல்லலாம் என்றால், வந்தவர் எந்த ஆள் என்று இன்னும் கேட்டு முடிக்கவில்லை. அந்த அரை நிமிட மௌனத்தை வங்கிக்காரர் மனைவி தன் கணக்கில் புரிந்துகொண்டார். அடுத்த வாரம் வந்த டீச்சரும் இதே கேள்வியைக் கேட்டார், இதே மௌனம், பின்னணியில் ஒரு குழந்தை சிரிப்பு. மூன்றாவது ஆள் படியே ஏறவில்லை, தெருவில் நின்று சத்தத்தைப் போனில் பதிந்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கதை முழுதாகிவிட்டது. ஜெகநாதன் மாடியில் ஒரு பொம்பளை தூக்கு மாட்டிக்கொண்டாளாம், இப்போது இருக்கிற குடும்பம் தாங்க முடியாமல் ஓடுகிறதாம். ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்துவிடும் என்று ஜெகநாதனுக்கும் தெரியும். அந்த வார்த்தையைத்தான் அவரால் வெளியாள் முன்னால் சொல்ல முடியவில்லை.

இந்தக் கட்டத்தில் நான் நேர்மையாக நடந்துகொள்ள நினைத்தேன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஊரில் நம் வீட்டைப் பேய் வீடு என்கிறார்கள், அசிங்கமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"பேய்னா இன்னா கெட்டுப் போச்சு? பேய எந்தத் தெருன்னு யாரும் கேக்கறதில்ல. சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."

அன்றிலிருந்து எல்லாம் முறையாக நடந்தது. கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார், வருகிறவரைத் துர்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வாள், நான் தக்க படத்தைப் போடுவேன். பேண்ட் சட்டையில் வருகிறவர்களுக்குக் கொரியப் படம். அதில் சத்தமே வராது, ஒரே ஒரு முறை கதவு கிறீச்சிடும், படித்தவர்களுக்கு அது போதும். மூட்டை முடிச்சோடு அன்றே குடிவந்துவிடலாம் என்று வந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு மட்டும் மூன்று படங்களின் உச்சக்கட்டத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டியிருந்தது, அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். இருபத்தேழு நாளில் ஒன்பது குடும்பத்தை அனுப்பிவிட்டோம். தாங்கள் திட்டிய இருபதாம் நாள் விமர்சனம், 'ஒலி அமைப்பு அருமை, கதை எப்படி என்று தெரியாது' என்று ஒரு வரியில் இருந்ததற்குக் காரணம் இதுதான். நைனாவுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. தினம் ஏழு மணிக்குப் பெட்டியை அவரே அணைத்துவிட்டு, "வாடகை குடுத்துக்கினு பேயா இருக்கோம்" என்பார்.

இப்போது என் வேண்டுகோள். முப்பத்தொன்றாம் தேதியோடு ஹாலோவீன் முடிகிறது, அன்றைக்கே தீபாவளி. பேய்ப் படம் தருவதை நீங்கள் நிறுத்திவிட்டால் ஆள் வந்துவிடும், ஆள் வந்துவிட்டால் நாங்கள் போக வேண்டும், போவதற்கு இடமில்லை, மாமா வீட்டுக்குப் போனால் துர்கா காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும், அந்தப் பஸ்ஸும் நினைத்தால்தான் வரும், பரீட்சை எழுதுகிற பிள்ளை. ஆகவே தங்கள் இதழில் இந்தப் பேய் மாதத்தை மார்ச் இறுதி வரை நீட்டிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் கூட்ட வேண்டாம். கோபத்தைக் குறைத்து எழுதுகிறேன். எந்தப் பங்களாவாக இருந்தாலும் மூன்றுக்குக் குறையாமல் மதிப்பெண் போடுகிறேன். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

தங்களுக்கும் அலுவலகத்தார் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். தணிகை முருகன் தங்கள் குடும்பத்தையும் இதழையும் நல்லபடி வைத்திருக்கட்டும். அம்மாவும் நைனாவும் தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
இளம்பரிதி

பின்குறிப்பு (29 அக்டோபர், சாயங்காலம்): நெட் தீர்ந்துபோனதால் மேலே உள்ளதை நேற்று அனுப்ப முடியவில்லை. இப்போது அதில் கேட்டிருப்பது எதுவும் வேண்டாம். இன்று ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள், பேய் வீடுகளுக்குப் போய் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவர்கள். ஜெகநாதனே அந்த ஸ்டேட்டஸைக் காட்டி வரவழைத்திருக்கிறார். பேய் இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லிவிட்டால் வீடு வாடகைக்குப் போய்விடும் என்பது அவர் யோசனை. அவர்களுக்கு முன்னால் படி ஏறி வந்து, "எல்லம்மா, பேய் கீய் ஒண்ணும் இல்லன்னு நீயே உன் வாயால சொல்லிடும்மா" என்றார். அம்மா கேமராவைப் பார்த்து, பேய் எதுவும் கிடையாது, பையன் சினிமா பார்த்த சத்தம் என்று சொன்னார். கேமரா பிடித்திருந்தவனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்புறம் எதுக்கும்மா காலி பண்றீங்க?" என்றான்.

"நாங்க காலனி ஆளுங்கன்னு இவருக்கு ஆடி மாசம்தான் தெரிஞ்சிது" என்றார் அம்மா, மார்க்கெட்டில் தக்காளி விலை சொல்வது போல.

கேமரா ஜெகநாதன் பக்கம் திரும்பியது. இருபத்தேழு படம் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு பயத்தை எந்த நடிகர் முகத்திலும் நான் பார்க்கவில்லை. அந்தப் பையன்கள் இதுதான் நல்ல வீடியோ என்று பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஜெகநாதன் அவர்கள் பின்னாலேயே தெரு முனை வரை ஓடி, திரும்ப மேலே வந்து மூச்சு வாங்கினார். யாரும் காலி செய்ய வேண்டாம், மார்ச் இல்லை, எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருங்கள், அந்த வீடியோவை மட்டும் போட வேண்டாம் என்று எல்லம்மா ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும் என்றார். அட்டையை அவரே அவிழ்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நைனா கையை அமுக்கினார்.

அவிழ்த்த அட்டையை அம்மா கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "சொல்றேங்க. ஆனா தீபாவளிக்கு எங்க காலனிலேருந்து பத்து பேரு வராங்க. நாலு நாள் தங்குவாங்க" என்றார்.

"ஆங், வரட்டும்மா, வரட்டும்" என்றார் ஜெகநாதன்.

தீபாவளிக்கு யாரும் வருவதாக இல்லை. அம்மா இப்போது துரைக்கண்ணு மாமாவுக்குப் போன் போட்டு, பத்து பேரை எப்படியாவது சேர்த்துக்கொண்டு வரச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.