பிளக்கைப் பிடுங்கிய அண்ணனுக்கு

கிராகுயேவாட்ஸ்,
டிசம்பர் 2

பெருமதிப்புக்குரிய அண்ணன் மிலுட்டின் அவர்களுக்குத் தம்பி வுகாஷின் எழுதுவது. இங்கே நானும் யெலாவும் மகள் துன்யாவும் நலம். அங்கே அண்ணியும் உங்கள் மூட்டுவலியும் எப்படி?

நலம் விசாரித்தாயிற்று. பத்தொன்பதாம் தேதி நம் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாளுக்கு நீங்கள் என் வீட்டுக்கு வரக் கூடாது. அன்றைக்கு யாரையும் கூப்பிடும் வழக்கம் நம்மிடம் இல்லை, வருகிறவர்கள் வருவார்கள். வராதே என்று சொல்லும் வழக்கமும் இல்லை. அதை நான் தொடங்கி வைக்கிறேன்.

போன வருஷம் நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. பத்து வயதுக் குழந்தை, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, உள்ளறையில் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருக்கிறாள், வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரக் கூடாது என்பது வழக்கமாயிற்றே என்று நான் முப்பது பேருக்கு நின்றபடியே பரிமாறுகிறேன், நீங்களோ மீன் ஆறிப்போச்சு என்று மின்சார அடுப்போடு உள்ளே போய், மெஷினின் பிளக்கைப் பிடுங்கி அடுப்பைச் செருகி, மெஷின் கத்தியதை வாசல் மணி என்று நினைத்து, "பாதிரியார் வந்துட்டார், எழுந்திருங்க!" என்று கத்த, முப்பது பேரும் எழுந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நின்றார்கள். யெலாதான் ஓடிப்போய்க் குழந்தையின் ரத்தத்தைப் பத்திரமாக உடம்புக்குத் திருப்பினாள். சிகிச்சை பாதியில் நின்றது. மறுநாள் அவளுக்கு மூச்சுமுட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கேயும் வந்து, "ஒரு நாள் விட்டா என்னடா? நான் வாரம் ஒரு தரம்தான் குளிக்கிறேன், செத்தா போயிட்டேன்?" என்றீர்கள்.

என்ன என்று சொல்கிறேன். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் செய்த காலத்தில் இரண்டு வருஷம் அவள் வளரவே இல்லை. வீட்டிலேயே வாரம் ஆறு நாள் என்று ஆனபின், கதவு நிலையில் பென்சில் கோடு ஐந்து சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதைத் தினமும் தடவிப் பார்க்கிறேன் அண்ணா. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை ஒரு நாளும் தவற விட மாட்டேன். புனிதரே நேரில் வந்து கேட்டாலும் அந்தப் பிளக்கைக் கொடுக்க மாட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். புனிதர் உங்களை உங்கள் வீட்டிலேயே காப்பாராக.

தம்பி
வுகாஷின்

பி.கு.: கடிதத்தைத் துன்யா படித்துவிட்டாள். "பெரியப்பாதானே என்னை சுண்டெலின்னு கூப்பிடுவார்? அவர் வரலேன்னா இந்தப் பென்சில் கோட்டை நான் யாருக்குப்பா காட்டுறது?" என்று ஒரே சண்டை. மெஷினைக் கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் நீ உக்காருப்பா. பெரியப்பா பிளக்கைக் காவல் காத்துக்கிட்டு மூணு மணி நேரம் நிக்கட்டும்" என்பது அவள் தீர்ப்பு. ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். அவசியம் வாருங்கள். மூட்டுவலித் தைலம் கொண்டு வாருங்கள். உங்களுக்கு நாற்காலி கிடையாது.