திறக்காத கல்யாணக் கார்டு

நேசம் மிஸ் அனுப்பிய கல்யாணக் கார்டு எப்படித் தட்டினாலும் ஸவாஹிரின் போனில் திறக்கவில்லை.

கொட்டாஞ்சேனை நேசம் மிஸ் அவரோடு ஒஃபீஸில் வேலை பார்ப்பவர். "எங்கள் வீட்டில் கல்யாணம். கார்டைத் திறந்து பாருங்கள்" என்று மட்டும் இருந்தது. ஊரார் வீட்டு மாப்பிள்ளை யாரென்று தெரியாவிட்டால் ஸவாஹிருக்குச் சோறு இறங்காது. போன் என்னென்னவோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் ஓம் என்று அமத்தினார். அப்போதும் திறக்காததால், "உங்களுக்குத் திறக்குதா பாருங்க" என்று குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் போன் கையைச் சுட்டது. அதே செய்தி, அதே கார்டு, அவர் பெயரில் ஒவ்வொரு நம்பருக்கும் தானாகப் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளையாக பெட்டரி செத்தது.

"வைரஸ்! அப்படியே உடுங்க, சார்ஜ் போட வாணாம்," என்றாள் மனைவி நஸீறா.

"திறக்க வாணாம்ண்டு ஆக்களுக்குச் சொல்லோணுமே!"

போட்டார். போனுக்கு உயிர் வந்ததும் வைரஸ்தான் முதலில் எழும்பியது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பள்ளிவாசல் குரூப் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பின்னால்தான் "யாரும் திறக்காதீங்க" போனது. திறக்காதே என்றால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? திறந்தார்கள். அவர்களுடைய போன்களும் ஊரெல்லாம் கல்யாணம் சொல்லக் கிளம்பின. ஸவாஹிரின் மானம் கப்பலேறியது.

"கல்கிசைக்கும் போயிட்டா?" என்று நஸீறா மெதுவாகக் கேட்டாள்.

ஸவாஹிர் தேடிப் பார்த்தார்; போயிருந்தது. கல்கிசை மஷூரின் குடும்பம் போன கிழமைதான் மகன் முர்ஷிதுக்காக இவர் மகள் அம்னாவைப் பார்க்க வந்தது. "எங்களுக்குப் புடிச்சீக்கி. ஒங்கட முடிவச் சொல்லுங்க" என்றுவிட்டுப் போனார்கள். அம்னா அன்றைக்கே சம்மதம் என்றாள். உடனே ஓம் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஸவாஹிர்தான் இழுத்தடித்தார்.

அறைக்குள்ளிருந்து அம்னா அழுத கண்ணோடு வந்தாள். "வாப்பா, எனக்கு வேற எடத்தில முடிஞ்சிட்டுண்டு அவங்க நெனச்சிருப்பாங்களே!"

மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. போன் செய்து சொல்கிற விஷயமா இது? நேரில் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்பதென்று மறுநாள் ஒஃபீஸ் முடிந்ததும் பஸ் ஏறினார்.

மஷூரின் வாசல் முழுக்கச் செருப்புகள். உள்ளே சொந்தக்காரர் கூட்டம். இத்தனை பேருக்கு முன்னாலா என்று ஸவாஹிர் கூசிப்போனார்.

"வாங்க நானா, வாங்க!" என்று மஷூர் அண்ணன் முறை வைத்து எழும்பி வந்தார்.

உட்கார்ந்தால் வாய் எழாது என்ற பயத்தில் ஸவாஹிர் நின்றபடியே கொட்டினார். "மன்னிச்சுக்கோங்க. நான் அனுப்பின செய்தி பொய். எங்கட வீட்டில ஒரு கல்யாணமும் இல்ல. எல்லாம் போன்ல பூந்த வைரஸ்ட வேல. நான் அப்படி ஒண்டும் சொல்லவே இல்ல!"

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது. ஆனால் முர்ஷித் தலையைக் குனிந்துகொண்டான்.

இனிப்புத் தட்டோடு வந்த அவன் தங்கச்சி சஹ்லா பாதியில் நின்றாள்.

"அப்ப வாப்பா, அவங்க சம்மதம் அனுப்பிட்டாங்கண்டு நீங்க காலையில புக் பண்ணின கல்யாண ஹோல் ஆருக்கு?"