செப்புத் தகடு கேட்டு வருகிறவர்

படக்கடையின் கண்ணாடி ஜன்னலில் தொங்கும் கேலிப் படத்தைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது, ஒருவர் மட்டும் சிரிக்காமல் நிற்பார். அந்த இனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எங்கள் பார்ன்விக் நகரில் பதவிக்கு ஒருவராக இவர்கள் உண்டு. என் சவரக்கடைக்கு நேர் எதிரே மிஸஸ் பென்ஃபோல்டின் படக்கடை இருப்பதால், அத்தனை பேரையும் பார்த்தாயிற்று.

போன வாரம் தொங்கிய படம் இது: பெருத்த கனவான் ஒருவர், பணக்கார விருந்துகளில் மட்டுமே கிடைக்கும் ஆமை சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறார், பின்னால் ஏழைகள் விடுதிக் கிழவர்கள் காலித் தட்டோடு நிற்கிறார்கள். முகம் தெரியாது. பெயர் கிடையாது. பெயர் போட்டால் வழக்கு வரும் என்று மிஸஸ் பென்ஃபோல்டுக்குத் தெரியாதா? ஆனாலும் விடுதி மேற்பார்வையாளர் ஹம்ஃப்ரி டாட்வெல், மறுநாள் மேயராகப் போகிறவர், பாதிச் சவரத்தில் எழுந்து, கழுத்தில் துண்டும் கன்னத்தில் நுரையுமாக, பொய்முடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினார். துண்டு என்னுடையது, ஆகவே நானும் ஓடினேன்.

"அந்தப் படம் அச்சடிச்ச செப்புத் தகட்டைக் கொடும்மா. இப்பவே உடைக்கணும்."

"ஏங்க ஐயா? அது நீங்கன்னு நான் சொன்னேனா?"

"நான் இல்லதான்! இருந்தாலும் கொடு."

"நீங்க மூணாவது ஆளுங்க. வரி வசூல் கிரிம்ஷா ஐயா காலையிலயே வந்து காதோட காதா தகட்டைக் கேட்டாரு. அப்புறம் சந்தை அதிகாரி பில்பீம் ஐயா கெஞ்சிட்டுப் போனாரு. தன்னைத்தான் வரைஞ்சிருக்குன்னு ரெண்டு பேருக்குமே பயம்."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? தப்பித்தோம் என்று வீடு போய்ச் சேருவான். நம்மவருக்கோ மூக்கு சிவந்துவிட்டது.

"கிரிம்ஷாவா? அந்தப் பஞ்சப் பரதேசி ஆமையைக் கண்ணால பார்த்திருப்பானா? பில்பீம் திருடுறது முட்டைக்கோசு! விடுதிக் கஞ்சியில கை வச்சு, ஏழு வருஷமா ஆமை சூப்பு சாப்பிடுறவன் இந்த ஊர்லயே ஒருத்தன்தான்!"

வாசலில் கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. கசாப்புக்கடை நெட் மட்டும், "அந்த ஒருத்தர் யாருங்க ஐயா?" என்று மிகப் பணிவாகக் கேட்டான்.

மறுநாள் கிரிம்ஷா மேயரானார். அவர் யோக்கியர் என்றா நினைக்கிறீர்கள்? ரகசியமாகத் தகடு கேட்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். விடுதிக் கிழவர்களின் கஞ்சி இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரிப்புக்கு நடுவே, 'சே, நான் இந்த ரகம் இல்லை' என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓடியதா? உங்களை யாரும் கேட்கவில்லையே, ஐயா!