பித்தப்பையும் என் சம்மதமும்

என் பித்தப்பையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் உறுப்பு. உள்ளே கல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் சட்டக் கல்லூரி ஆசிரியன். எதிர்வாதம் செய்யாமல் வீட்டுக் கதவைக்கூடத் திறக்க மாட்டேன்.

ஆனால் கண் மஞ்சளாகிவிட்டது. ஒரு கல் இறங்கிப் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம் என்று டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அனுப்பினார்.

"படம் எடுக்கத்தான் வர்றேன். ஆபரேஷன்னு பேச்செடுத்தா எழுந்து வந்துடுவேன்."

"சரிங்க," என்றாள் மனைவி. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

குழல் போன்ற இயந்திரத்துக்குள் என்னைத் தள்ளினார்கள். காதில் ஹெட்போன். அவசரமென்றால் அமுக்குவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்து. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஸ்கேன் எடுக்கும் பெண்ணும் என் மனைவியும்.

"சார், மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

பந்தை அமுக்கினேன்.

"என்ன சார் ஆச்சு?"

"எவ்வளவு நேரம்னு சொல்லலையேம்மா. நிபந்தனைன்னா தெளிவா இருக்கணும்."

படம் கலங்கியது. மறுபடி எடுத்தாள். எனக்கு மறுபடி ஓர் ஐயம். மறுபடி கலங்கியது.

"மேடம், இப்படியே போனா படத்துல கல்லு விழாது, சாரோட பேச்சுதான் விழும்."

"மைக்கை இப்படிக் குடும்மா."

ஹெட்போனில் பழகிய குரல். "என்னங்க, மூச்சை இழுங்க. பிடிங்க."

பிடித்தேன்.

"இப்பக் கேளுங்க. கல்லையும் எடுக்கணும், பையையும் எடுக்கணும்கறார் டாக்டர். விட்டா உயிருக்கே ஆபத்தாம். உங்க கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமா இருக்கு. மறுப்பு இருந்தா பந்தை அமுக்குங்க. படம் கெட்டுப்போகும், முதல்லேருந்து எடுப்பாங்க. அமுக்கலேன்னா சம்மதம்."

வாய் திறக்காததை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்று நான் ஒரு முழு வகுப்பு எடுப்பேன். அதற்கு மூச்சு வேண்டுமே! அவள் குரல் வேறு கடைசியில் லேசாக நடுங்கியது. விரல் பந்தின்மேல் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான்.

"விடுங்க," என்றாள். விட்டேன்.

டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். வெள்ளைக் கோடாகப் பித்தக்குழாய். அதன் அடியில் கறுப்பாக ஒரு புள்ளி.

"ரொம்பத் தெளிவான படம். முதல்ல இந்தக் கல்லு, அப்புறம் பை. ஆபரேஷனுக்குச் சம்மதம்தானே சார்?"

குழலுக்குள் கொடுத்த சம்மதம் செல்லாது என்பதற்கு மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. தொண்டையைக் கனைத்து, ஆழமாக மூச்சை இழுத்தேன்.

"பிடிங்க," என்றாள் மனைவி.

பிடித்தேன். அவள் 'விடுங்க' என்பதற்குள் டாக்டர் தேதி குறித்துவிட்டார்.