தீக்கோழி முட்டை மணியும் அண்ணனின் ட்ரெட்மில்லும்

கற்காலத்தைத் தூசி தட்டி எழுப்பும் என் அக்கா மகளுக்கு, மூன்று உலகமும் கண்டு நடுங்கும் உன் சின்ன மாமா நடுங்கிக்கொண்டே எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், என் இரத்த அழுத்தம் நீங்கலாக.

உன் ஆய்வகத்தில், கற்கால மனிதர் மாலையாகக் கோத்த தீக்கோழி முட்டையோட்டு மணி ஒன்று குறைகிறது, திங்கட்கிழமை மேலதிகாரி எண்ணினால் வேலையே போய்விடும் என்று நேற்று போனில் அழுதாயே, அந்தத் திருடன் நான்தான். சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்த அன்று நீதானே சொன்னாய்: “ஒன்னுக்கொன்னு பத்து நாள் நடக்கற தூரத்துல இருக்கற ரெண்டு குகையிலயும் ஒரே மாதிரி மணி மாமா. குடுத்து வாங்கி உறவு வச்சிருந்திருப்பாங்க. இங்க தண்ணி வத்துனா அங்க போய் இருந்துக்கலாம்ல?” வேட்டையாடித் திரிந்தவனுக்குப் பத்து நாள் நடையில் உறவு, எனக்கோ, குரூப் போட்டோவில் என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார் என்று, அடுத்த தெரு அண்ணனோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை! நீ போனை எடுக்கத் திரும்பினாய். நான் ஒரு மணியைக் கவரோடு எடுத்துக்கொண்டு திரும்பினேன். நேரே அண்ணன் வீடு. முப்பதாயிரம் ஆண்டு வரலாற்றை மூன்று நிமிடத்தில் சொல்லி நீட்டினேன். அண்ணன் கண்ணீர் தெருவரை ஓடியது. சரி, அரைச் சொட்டு. அவருக்கு அதுவே வெள்ளம்.

மறுநாள் அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்தது. என் வாசலில் அண்ணன், அண்ணி, ஏழு பெட்டி, ஒரு ட்ரெட்மில். இரண்டு விரலிடுக்கில் வெள்ளையாக எதையோ தூக்கிக் காட்டி, “தண்ணி நின்னுபோச்சுடா தம்பி. மணி குடுத்தியே, ஞாபகம் இருக்கா?” என்றார். ஒன்பது நாளாகிறது. விடிந்தால் ட்ரெட்மில் ஓடுகிறது. கூடவே வீடும் ஓடுகிறது. குளியலறைக்கு நான் வரிசையில் நிற்கிறேன். ஆனால் ஆறு வருடப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்க்கிறோம் அம்மா! மணியைத் திருப்பிக் கேட்டால் அண்ணன் போய்விடுவார். கேட்காவிட்டால் உன் வேலை போய்விடும். உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் உட்காருகிறேன். கடைசியில் முடிவெடுத்துவிட்டேன். இன்றே கேட்கிறேன். அதற்குள் மேலதிகாரி கத்தினால் என் பெயரைச் சொல். வந்து கையைக் கட்டி நிற்கிறேன்.

நீ நூறு குகை கண்டு, ஒரு மணியும் குறையாமல் வாழ்க.

இப்படிக்கு,
குற்றம் புரிந்த சின்ன மாமா

பி.கு.: தோளுக்குப் பின்னாலிருந்து இதைப் படித்துவிட்டு அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். “கவர்ல ஆய்வக நம்பர் இருந்துச்சேடா! அன்னைக்கு சாயங்காலமே அவகிட்ட குடுத்துட்டேன். ‘சின்ன மாமா தானா ஒத்துக்கறாரான்னு பாப்போம்’னா. வாசல்ல உனக்குக் காட்டினது என் சட்டைப் பொத்தான்!” நேற்றைய அழுகை பிரமாதம், மகளே. மோட்டாரும் சரியாகி ஐந்து நாளாயிற்றாம். உங்கள் ஆராய்ச்சியில் பார்த்துச் சொல்: பொத்தானுக்கு எத்தனை நாள் தங்கலாம்?