மஞ்சத்துணி கட்டிய போர்ட் வைன்

இனிமேல் பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முடிவெடுத்தேன். அப்போது என் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதில் கத்தரிக்காய்த் தோலைவிட இருட்டான ஒரு நிறம் அசைந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வைன் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறேன். உள்ளே என்ன இருக்கும் என்று யோசித்ததே கிடையாது. மானேஜருக்கு வயிறு சரியில்லாமல் போகவே, இளம் விண்டேஜ் போர்ட் வைனை ருசி பார்க்கும் நிகழ்ச்சிக்கு அவருக்கு வந்த டிக்கெட் என் கைக்கு வந்தது.

முதல் வாய் நவ்வாப்பழம். தேனில் ஊறவைத்து, மேலே மிளகு தட்டிப் போட்ட நவ்வாப்பழம். அப்புறம் ஒரு துவர்ப்பு வந்து நாக்கைப் பிடித்து உட்காரவைத்தது. பிறகு காது இரண்டும் இதமாகச் சூடேறின. ஜன்னலுக்கு வெளியே கடல் மெல்ல ஆடியது. ஆடியது கடலா, நானா என்று நான் ஆராயவில்லை.

எப்போது குடிக்கலாம் என்று ஒருவர் கேட்டதற்கு, ருசி பார்க்கச் சொல்லிக்கொடுத்த போர்ச்சுகல்காரர் இரண்டு பதில் சொன்னார். இந்த வைனை இரண்டு பருவத்தில்தான் குடிக்கவேண்டுமாம். ஒன்று, பாட்டிலுக்குள் போன முதல் இரண்டு மூன்று வருஷத்தில், கைக்குழந்தையாக. இல்லாவிட்டால் இருபது வருஷம் இருட்டில் படுக்கப்போட்டுவிட்டு. நடுவில் திறந்தால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசவே பேசாதாம். திறந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டுமாம்.

ஆளுக்கு ஒரு பாட்டில்தான் கொடுத்தார்கள். குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, வீடு இருக்கும் பிடோக் வரை ரயிலில் வந்தேன். ரயில் தண்டவாளத்தில் போனதாக எனக்கு ஞாபகமில்லை. மிதந்துதான் போயிற்று.

தானா மேரா ஸ்டேஷன் வந்ததும்தான் மனைவி ரஞ்சிதத்தின் ஞாபகம் வந்தது. பாலிகிளினிக்கில் என் சர்க்கரையைப் பார்த்து டாக்டரே ஒரு நிமிஷம் நாற்காலியில் சாய்ந்துவிட்ட நாளிலிருந்து, எனக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்தான். மதுவா, பேச்சே கூடாது. இனிப்பான மது என்றால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

அடுத்த ஸ்டேஷன் பிடோக் வருவதற்குள் திட்டம் பிறந்தது. போர்ச்சுகல்காரர் இரண்டு பதில் சொன்னார் அல்லவா? மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவளுக்கு இருபது வருஷம். எனக்கு இருபது நாள். அடுத்த மாதம் ஸ்கூல் லீவில் அவள், எங்கள் மகள் இளமதியைக் கூட்டிக்கொண்டு மலேசியாவின் ஈப்போவில் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறாள். அப்போது நானும் பக்கத்து வீட்டுப் பிரபாகரும் பாட்டிலைத் திறப்போம். காலி பாட்டிலில் கட்டங்காப்பியை ஊற்றி அடைத்துவிடுவேன். இருபது வருஷம் கழித்து, ‘அடடா, கெட்டுப்போச்சே’ என்று எல்லாரையும்விட அதிகமாக நான் வருத்தப்படுவதாக ஏற்பாடு.

ரஞ்சிதம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது குடிக்கறதுக்கு இல்ல, ரஞ்சி. வளர்றதுக்கு. நம்ம மதி கல்யாணத்துல திறக்கணும்."

"மதி இப்ப பிரைமரி த்ரீ."

"அதான். இருபது வருஷம் ஆகணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"திராட்சையக் காலால மிதிச்சுப் பண்றாங்களாமே, கால கழுவுவாங்களா?"

கழுவுவார்கள் என்று போர்ச்சுகல் சார்பில் நானே உறுதி கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பதினாறு வருஷ தாம்பத்தியத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே பார்வை அது. பிறகு, "நல்ல யோசனைதாங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது, மடையனுக்கு.

அவள் மஞ்சள் கரைத்து, ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, அதில் ஒரு வெள்ளிக் காசை முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் பாட்டிலின் கழுத்தில் கட்டினாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ரொம்ப நேரம் முணுமுணுத்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, சொன்னால் பலிக்காது என்றாள். பாட்டிலைக் கொண்டுபோய், வீட்டுக்குள்ளேயே கான்கிரீட்டில் கட்டிய பாம் ஷெல்டர் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் பத்திரமாகப் படுக்கவைத்தாள்.

பெண்டாட்டியை ஏமாற்றலாம். சமாளித்துக்கொள்ளலாம். சாமிக்கு முடிந்துவைத்ததில் கைவைக்க முடியுமா?

ஈப்போ பஸ் கிளம்பிய அன்றைக்கு மத்தியானமே பிரபாகர் இரண்டு கிண்ணத்தோடு வந்துவிட்டார். என் திட்டம் முழுக்க அவருக்குத் தெரியும், போர்ச்சுகல்காரரின் இரண்டு பதில் உட்பட. ஷெல்டர் கதவைத் திறந்தேன். மஞ்சத்துணியைப் பார்த்ததும் மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"பிரதர், என் பையனுக்கு இந்த வருஷம் பி.எஸ்.எல்.இ. பரீட்சை. என்னை இதுல இழுக்காதீங்க லா."

கிண்ணங்களை மறந்துவிட்டு ஓடினார்.

அவள் ஊரிலில்லாத நான்கு நாளும் நான் ஷெல்டரில்தான் இருந்தேன். தரையில் பாய் விரித்து, பாட்டிலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி படுத்துக்கொண்டேன். கான்கிரீட் சுவர் ஜில்லென்றிருந்தது. பாட்டிலில் காதை வைத்தால் உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டு படுப்பது கேட்டது. கண்ணை மூடினால் ஒரு ஆறு வரும். ஆற்றங்கரையில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் மிதிப்பேன். முழங்கால் வரைக்கும் ஊதா. மிதிக்க மிதிக்க உடம்பு பஞ்சாகி, மலைச்சரிவில் மேலே மேலே போவேன். உச்சியில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அம்மனோ என்று கும்பிட்டுக்கொண்டே கிட்டப் போனால், அது ரஞ்சிதம். விழிப்பு வந்துவிடும்.

நான்காம் நாள் முடிச்சின் மேல் விரலை வைத்தேன். வைத்த நிமிஷம் மேலே மாடியில் எவனோ நாற்காலியை இழுத்தான். ஷெல்டருக்குள் அது இடி மாதிரி விழுந்தது. விரலை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு சரி, இருபது வருஷம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அழுகை வந்தது.

ரஞ்சிதம் திரும்பி வந்து, ஒரு மாதமும் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் சீக்கிரமே முடிந்து வீட்டுக்கு வந்தேன். லிப்டிலிருந்து இறங்கியதுமே நவ்வாப்பழ வாசனை. ஏக்கம் முற்றினால் இப்படியெல்லாம் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த வாசனையிலேயே மிதந்து வந்து கதவைத் திறந்தேன்.

ரஞ்சிதமும் பிரபாகரின் மனைவி லீலாவும் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் பல்லும் ஊதா. மேஜைமேல் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்றாலே காலி என்று அர்த்தம். பக்கத்தில் எவர்சில்வர் சொம்பும், வண்டல் படிந்த டீ வடிகட்டியும். "வாங்கண்ணே" என்று லீலா என் வீட்டுக்கே என்னை வரவேற்றாள்.

"ரஞ்சி, அது சாமிக்கு முடிஞ்சு வெச்சது" என்றேன்.

"முடிச்ச அவுத்தாச்சுங்க. இந்த பாட்டில்ல ஒரு சொட்டுகூட எங்க வீட்டுக்காரர் வாயில படக்கூடாது தாயேன்னு வேண்டிக்கிட்டேன். படல. காலையிலயே சிராங்கூன் ரோடு அம்மன் கோயிலுக்குப் போய் காச உண்டியல்ல போட்டுட்டு வந்தோம்."

"இருபது வருஷம்... மதி கல்யாணம்..."

"பிரபாகரண்ணன் அன்னைக்கே பயந்துபோய் லீலாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இளசா இருக்கப்பவும் குடிக்கலாமாமே?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ரஞ்சிதம் கடைசிச் சொட்டைக் கிண்ணத்தில் சுழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஊதாவைக் கொஞ்ச நேரம் பார்த்து, கண்ணை மூடிக் குடித்தாள். அப்புறம் ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்:

"ரெண்டு பதில்ல இத நான் எடுத்துக்கிட்டேங்க. அந்த இருபது வருஷத்த நீங்க வெச்சுக்குங்க."